பதினேழு பேருக்கு ஒரே எண்

வட்டாரக் கல்வி அலுவலர் சங்கரநாராயணன் சார் போன் செய்தபோது நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்திவிட்டு ஈரக் கையோடு எடுத்தேன். 2020 ஆகஸ்ட் அது. பள்ளிக்கூடங்கள் மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் அவரிடமிருந்து எனக்கு வந்த முதல் அழைப்பு.

"கலைமணி மேடம், கங்கிராட்ஸ். நம்ம ஒன்றியத்துலயே நூத்துக்கு நூறு உங்க ஸ்கூல் மட்டும்தான்."

எதில் நூறு என்று எனக்குப் புரியவில்லை.

"வீட்டுல போன் இருக்கிற பிள்ளைங்க. நாப்பத்திமூணு பேர், நாப்பத்திமூணு பேருக்கும் நம்பர் இருக்கு. மத்த ஸ்கூலெல்லாம் அறுபது, எழுபது பர்சன்ட்டோட நிக்குது. வியாழக்கிழமை ஆன்லைன்ல ட்ரெய்னிங் வச்சிருக்கேன். வீட்டுல இருந்தே பாடம் நடத்த டீச்சர்ஸை ரெடி பண்ணணும்ல. நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசுங்க. எப்படிப் பண்ணீங்க, பேரன்ட்ஸ எப்படிப் பிடிச்சீங்கன்னு."

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஒரு நிமிடம் இருந்திருக்காது. அதற்குள் எந்தப் புடவை கேமராவில் எடுப்பாக இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. அந்த நாற்பத்துமூன்று கட்டங்களில் பதினேழில் இருப்பது என் எண். அவர் அப்போது பேசிக்கொண்டிருந்த அதே எண்.

"சரிங்க சார்" என்றேன்.

எங்களுடையது பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி, தொழிற்பேட்டைச் சுவர் முடிகிற இடத்தில் இருக்கும் ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியை ஜோதி அக்கா, நான். பாதிப் பிள்ளைகள் ஊர்க்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பாதி, கம்பெனி வேலைக்காகத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து வாடகை அறைகளில் இருப்பவர்களின் பிள்ளைகள். எண் இல்லாமல் போனது இந்த இரண்டாவது பாதிக்குத்தான்.

ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் இலாகாவின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பெற்றோர் கைபேசி என்ற கட்டத்தில் பத்து இலக்கம் போடாவிட்டால் பக்கம் நகராது. போன வருடம் ஜூலையில், கடைசி நாள் மாலை நாலரை மணிக்கு, ஒரு பையனின் பக்கம் அப்படி நின்றுகொண்டது. அவன் அம்மாவிடம் உண்மையிலேயே போன் கிடையாது. அப்போது அந்தப் பையனை நினைத்து எனக்கு இரக்கமாக இருந்தது. "உன் நம்பரையே போடேன் கலை, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் ஜோதி அக்கா. போட்டேன். அது இரக்கத்தில் போட்டது. இரண்டாவது பெண்ணுக்குப் போடும்போது அவசரம். ஐந்தாவதுக்கு மேல் அதுவும் இல்லை, என் விரலுக்கு அந்தப் பத்து இலக்கம் பழகிவிட்டிருந்தது. தளமோ கட்டம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஒரே எண் எத்தனை தரம் வந்திருக்கிறது என்று அது பார்க்காது.

அன்றிலிருந்து இலாகாவின் குறுஞ்செய்தி எது வந்தாலும் எனக்குப் பதினேழு தரம் வரும். "அன்புள்ள பெற்றோரே" என்று ஆரம்பிக்கும். எனக்கு ஒரே மகள். அவளுக்கு இது பெரிய வேடிக்கை. "அம்மா, உன் பதினேழு பிள்ளைங்களும் கூப்பிடுறாங்க பாரு" என்பாள். நானும் சிரிப்பேன். ஒன்றைப் படித்துவிட்டுப் பதினாறை அழிப்பேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை வட்டார அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி, வீட்டில் போன் இல்லாத பிள்ளைகளுக்குப் பாடங்களை ஏற்றிய டேப்லெட் கொடுக்க முன்வந்திருந்தது. எந்தப் பள்ளிக்கு எத்தனை என்று இணையதளத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு பள்ளிக்குப் பதினொன்று, ஒரு பள்ளிக்கு இருபத்திரண்டு. எங்கள் பள்ளிக்கு நேராக 'தேவை இல்லை' என்று இருந்தது. சனிக்கிழமை மாலையோடு பட்டியல் முடிந்துவிடும் என்று கீழே ஒரு வரி.

ஜோதி அக்கா வீடு சுங்குவார்சத்திரத்தில். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும், இரண்டு பேரும் முகக்கவசத்தோடு நின்று பேசினோம்.

"சொல்லிட வேண்டியதுதான்க்கா. தளத்துல எடிட் பண்ற வசதியைப் பூட்டிட்டாங்க. ஆபீஸ்ல திறந்து விட்டாத்தான் மாத்த முடியும்."

"சொல்லிட்டு? அந்த நம்பரெல்லாம் சரிபாத்துட்டேன்னு கீழ கையெழுத்துப் போட்டது யாரு? நான். பொய்த் தகவல்னு ஒரு மெமோ குடுத்தான்னா போதும். எட்டு மாசத்துல ரிட்டயர்மென்ட். மெமோ நிலுவையில இருந்தா விடுவானா? பென்ஷன் பேப்பரைத் தூக்கி மூலையில போட்டுடுவான்."

"பதினேழு பிள்ளைங்கக்கா."

"எனக்கு எண்ணத் தெரியாதா?" கேட்டின் கம்பியைப் பிடித்திருந்த கை நழுவியது. "முப்பத்திநாலு வருஷம். ஒரு மெமோ வாங்கினதில்ல கலை. ஒண்ணு செய். முதல்ல அந்த ரூம் பக்கம் போய்ப் பாரு. இப்ப யார்கிட்ட போன் இல்ல? எல்லாரும் வாங்கியிருப்பாங்க. நம்பரை வாங்கி வச்சுக்கோ. போன் இருக்குன்னா நாம சொன்னது பொய்யில்லையே, நம்பர்தானே தப்பு?"

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வாதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஏன் நானே அப்படி யோசிக்கவில்லை என்று தோன்றியது. எல்லாரிடமும் போன் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல முடியாது.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்குத் தசரதன் லைனுக்குப் போனேன். தசரதன் ஊர்க்காரர். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, மீதி இருந்த இடத்தில் எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்தாலே அதன் தகரக் கூரை தெரியும். பதினொரு வருடமாக அந்தப் பாதையில்தான் போகிறேன், வருகிறேன். உள்ளே நுழைந்தது அன்றுதான்.

தசரதன் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு டிரம் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சரு, ரூம் பாக்க வந்தீங்களா? மூணு ரூம் காலியா கீது. ஊருக்குப் போனவன் திரும்பி வரல."

"பிள்ளைங்களைப் பாக்க வந்தேங்க. பாடமெல்லாம் இனிமே போன்ல, டிவில."

"டிவி எங்க வூட்ல கீது. பசங்க ஜன்னலாண்ட உக்காந்துகினு பாக்கட்டும்னு சொன்னேன். எம் மருமவ, கொரோனாவ நீயே கூப்ட்டு குந்த வைக்கிறியான்னு கத்துது." அவர் குழாயை அடுத்த டிரம்முக்கு மாற்றினார். "அதுவும் சரிதான். வூட்ல கைக்கொழந்த கீது."

கடைசி அறை இசக்கிசெல்வியுடையது. அவள் மகள் அன்னக்கிளி என்னிடம் மூன்றாம் வகுப்பு. இசக்கிசெல்வி நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். நீலச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்த்ததும் பதறிப்போய்த் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

"டீச்சரா! ஏட்டி அன்னம், எந்திரி. டீச்சர் வந்துருக்காவ. நீங்க ஏன் டீச்சர் இம்புட்டு தூரம்? சொல்லி விட்டா நான் வந்துருப்பேன்லா?"

"எப்படிச் சொல்லி விடுறது? உன் நம்பர் என்கிட்ட இல்லையே."

அவள் முகத்தில் குழப்பம் வந்தது. கோபம் இல்லை, வெறும் குழப்பம்.

"நான் அப்பமே குடுத்து விட்டேனே டீச்சர். ஒரு சீட்டுல எழுதி அன்னத்துட்ட. பள்ளிக்கூடத்துலருந்து போன் வரும்னுதான் நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். மார்ச்சுலருந்து. சாப்பாட்டு பிரேக்குல கம்பெனி கேட்டு வரைக்கும் ஓடிப்போயி, லாக்கரத் தொறந்து, ஏதும் மிஸ்டு கால் கெடக்கான்னு பாத்துட்டு வருவேன். இருவது நிமிஷம் பிரேக்கு. அதுல பத்து நிமிஷம் நடக்கவே போயிரும். கூட இருக்கிற பிள்ளையெல்லாம், யாரு அது, ஒனக்கு புதுசா ஆளு வந்துருக்கான்னு ஒரே கேலி."

அவள் சிரித்தாள். நான் கையிலிருந்த நோட்டைப் புரட்டினேன். புரட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அன்னக்கிளி தூக்கக் கலக்கத்தோடு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "குடுத்தேன்ல டீச்சர்? நீங்க வாங்கி மேசைக்குள்ள போட்டிய."

"ஆமாம்" என்றேன். நினைவில்லாமலே சொன்னேன். ஆனால் அவள் சொன்னால் அது நடந்திருக்கும்.

போன் எப்போது வீட்டில் இருக்கும் என்று கேட்டேன். இசக்கிசெல்வி விரல்விட்டுச் சொன்னாள். அவளுக்கும் அவள் கணவன் அருள்பாண்டிக்கும் ஒரே போன். அவன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். போன் இல்லாமல் டிரிப் கிடைக்காது. ஆகவே பகலெல்லாம் அவனிடம். அவன் திரும்பி வரும் நேரத்துக்கு அவள் நைட் ஷிப்ட் கிளம்புவாள். அப்போது போன் அவளோடு போய், கேட்டில் உள்ள லாக்கரில் உட்கார்ந்துவிடும். காலையில் அவள் வந்ததிலிருந்து அவன் கிளம்பும் வரை, ஏழே காலிலிருந்து எட்டரை வரைதான் அது இந்த அறையில் இருக்கும்.

"அடுத்த வாரம் காலைல போற ஏ ஷிப்ட் போட்டா இதுவும் மாறிரும் பாத்துக்கிடுங்க."

"அந்த ஒரு மணி நேரத்துல வீட்டுப்பாடத்தை போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?"

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். கேமராவின் மேல் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "கம்பெனிக்குள்ள படம் எடுத்துரக் கூடாதுன்னு, லாக்கர்ல வைக்கிற போனுக்கும் கேட்டுல ஒட்டித்தான் விடுவாவ. பிச்சா செக்யூரிட்டி உள்ள விடமாட்டாரு."

இந்த வருடம் ஜூலையில் பாடநூல் வாங்க வரச் சொல்லி இலாகா அனுப்பிய குறுஞ்செய்தியும் பதினேழு தரம் எனக்குத்தான் வந்தது. ஒன்றைப் படித்துப் பதினாறை அழித்தேன். எனக்குத் தெரிந்த எண்களுக்குப் பேசினேன். வராதவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் புத்தகங்கள் அப்போதும் பின்னறையில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. அன்னக்கிளி போன வருடத்து இரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே திரும்பவும் படித்துக்கொண்டிருந்தாள். அதன் அட்டையைக் காலண்டர் தாளால் புதிதாகப் போட்டு வைத்திருந்தாள்.

பத்து மணிக்குள் மற்ற அறைகளையும், பக்கத்து இரண்டு லைன்களையும் பார்த்து முடித்தேன். பதினேழில் நான்கு குடும்பங்கள் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. ஐந்து வீடுகளில் போனே இல்லை. எட்டு வீடுகளில் இருக்கிறது, ஆனால் இசக்கிசெல்வியுடையதைப் போல. ஒன்று நைட் ஷிப்டோடு போகிறது, ஒன்று இரண்டு அறைக்குப் பொது, ஒன்றில் கூப்பிட்டால் கேட்கும், பேச முடியாது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போன் வீட்டில் இருக்கும் நேரத்தை எழுதிக்கொண்டேன்.

பிறகு பள்ளிக்கூடத்தைத் திறந்து, என் மேசை இழுப்பறையை இழுத்தேன். சாக்பீஸ் தூளும் ரப்பர் துண்டுகளும் கிடந்த அடியில் நான்கு சீட்டுகள் இருந்தன. அன்னக்கிளியுடையது கோடு போட்ட தாள். 'அம்மா நம்பர்' என்று அவளே எழுதி, தவறாக எழுதிய ஒரு இலக்கத்தை அடித்துத் திருத்தியிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாகப் போயிருக்கும். பதினோரு வருடத்தில் அந்த லைனுக்குள் நடந்து போக எனக்கு ஆகும் நேரம் மூன்று நிமிடம் என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது. நான் வேலையைக் கூட்டிக்கொள்ள விரும்பவில்லை. அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை பயிற்சிக்கு ஜோதி அக்காவும் பள்ளிக்கே வந்துவிட்டார். மூன்றாம் வகுப்பு ஜன்னலருகே மட்டும்தான் நெட்வொர்க் நிற்கும். என் போனை இரண்டு டஸ்டருக்கு நடுவே நிறுத்தி வைத்துவிட்டு நான் முன்னால் உட்கார்ந்தேன். அக்கா கேமராவில் விழாத மாதிரி சுவரோரமாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் ஜெபமாலை இல்லாத குறைதான்; வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன பேசப் போற?"

"தெரியலக்கா."

உண்மையிலேயே தெரியவில்லை. முந்தின நாள் அவருக்குப் போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். "அந்த எட்டு வீட்டுலயும் போன் இருக்குன்னுதானே அர்த்தம்" என்று மட்டும் கேட்டார்.

முதல் முக்கால் மணி நேரம் ஒரு பயிற்றுநர் வீடியோ பாடம் எடுப்பது எப்படி என்று சொன்னார். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். பின்னால் கொடியில் துணி காயக் கூடாது. நடுவில் யார் வீட்டுக் குக்கரோ மூன்று விசில் விட்டது. "மியூட், மியூட் பண்ணுங்க மேடம்" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். "இறக்கிடுங்க மேடம், பருப்பு குழைஞ்சிடப் போகுது" என்றார் ஒரு ஆண் ஆசிரியர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாற்பது சின்னச் சின்னக் கட்டங்களில் நாற்பது முகங்கள்.

சங்கரநாராயணன் சார் என் பெயரைச் சொன்னார். நூற்றுக்கு நூறு என்பதையும் சொன்னார். யாரோ கைதட்டும் படத்தை அனுப்பினார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். என் குரல் காலி வகுப்பறையில் எனக்கே திரும்பக் கேட்டது. பிள்ளைகள் நிறைந்திருக்கும்போது அந்த அறை குரலை வாங்கிக்கொள்ளும்.

"சார், அது நூறு இல்ல. பதினேழு பிள்ளைங்களுக்கு நான் என் நம்பரைப் போட்டிருக்கேன்."

சிலர் காதுக்கருகே போனைக் கொண்டுபோனார்கள்.

"மேடம், சரியாக் கேக்கல. என்ன சொன்னீங்க?" என்றார் சார். அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

நான் முழுவதும் சொன்னேன். பக்கம் நகராமல் நின்றதை, சீட்டுகளை, பாடநூலை. ஐந்து வீட்டில் போன் இல்லை என்பதை. எட்டு வீட்டில் போன் எந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கும் என்று எழுதியதைப் படித்தேன். "ஏழே காலிலிருந்து எட்டரை. மதியம் இரண்டரைக்கு மேல், ஆனா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும். நாம பத்து மணிக்கு அனுப்புற வீடியோ இதுல ஒரு வீட்டுக்கும் போய்ச் சேராது சார்." படிக்கப் படிக்க என் குரல் சரியாகிக்கொண்டு வந்தது.

"ஹெச்.எம்முக்குத் தெரியுமா இது?" என்றார் சார்.

நான் சுவரோரம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம்.

"தெரியாது சார். நான்தான் போட்டேன். அவங்க என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாங்க."

அக்கா எழுந்து வந்து போனின் முன்னால் நிற்பார் என்று நான் எதிர்பார்த்தேனா? ஒரு நொடி எதிர்பார்த்தேன். அவர் வரவில்லை. உண்மையைச் சொல்லப் போன இடத்தில் ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போது மட்டும் நான் தடுமாறவே இல்லை.

"சாயங்காலத்துக்குள்ள விளக்கம் எழுத்துல வரணும். ஹெச்.எம் குறிப்போட. அந்தப் பிள்ளைங்க லிஸ்டும் அதோட" என்றார் சார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை எனக்குத் தனியா போன்ல சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். தனியாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு நாற்பது பேர் கேட்கச் சொன்னார்.

கூட்டம் முடிந்த அரை மணிக்குள் எனக்கு ஏழு தனிச் செய்திகள் வந்தன. 'எங்க ஸ்கூல்லயும்தான் மேடம். என் வீட்டுக்காரர் நம்பர். ப்ளீஸ், என் பேரைச் சொல்லிடாதீங்க.' 'மேடம், சத்துணவு ஆயா நம்பர், பன்னிரண்டு பிள்ளைக்கு.' எல்லாவற்றிலும் கைகூப்பும் படம். நான் யாருக்கும் பதில் போடவில்லை. அவர்கள்மேல் கோபமும் வரவில்லை. புதன்கிழமை வரை நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

விளக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதினேன். அதன் கீழே தலைமையாசிரியர் குறிப்பு எழுத இடம் விட்டு அக்காவிடம் நீட்டினேன். அவர் படித்தார். 'தலைமையாசிரியை அறியாமல்' என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"நான் என்ன எழுதட்டும் கலை?"

"ஆசிரியையின் கவனக்குறைவுன்னு எழுதுங்க."

பேனாவை எடுத்தார். எழுதவில்லை. வெளியே கம்பெனி பஸ் ஒன்று போய் முடிகிற வரை காத்திருந்தார், சத்தம் நின்றால்தான் எழுத முடியும் என்பதைப் போல. பிறகு குனிந்து, நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எப்போதும் அழகாக வரும் அவர் கையெழுத்து அன்று கோணலாக விழுந்தது.

"எட்டு மாசம் கழிச்சுன்னா வேற மாதிரி எழுதியிருப்பேன்" என்றார்.

"தெரியும்க்கா."

"தெரியும்னு சொல்லாத. திட்டு."

எனக்குத் திட்டத் தோன்றவில்லை. முப்பத்திநாலு வருடம் குனிந்தே நடந்து வந்தவரிடம், கடைசி எட்டு மாதம் நிமிர்ந்து நடங்கள் என்று சொல்ல நான் யார்? அதோடு, அந்தத் தாளில் இருந்த வார்த்தை எனக்குச் சரியாகத்தான் இருந்தது. சீட்டை வாங்கி இழுப்பறையில் போட்டது அவர் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் மீதி இருந்தது. பட்டியலின் படிவத்தில் 'கைபேசி' என்று ஒரே ஒரு கட்டம்தான். உண்டு அல்லது இல்லை. போன் இல்லாத ஐந்து பேருக்கும் 'இல்லை' என்று எழுதிவிட்டேன். அந்த எட்டு பேருக்கு? 'இல்லை' என்று எழுதினால் டேப் வந்துவிடும். ஆனால் அது மறுபடியும் அதே வேலை, இரக்கத்தில் ஆரம்பிக்கிற வேலை. 'உண்டு' என்று எழுதினால் அது உண்மை, அன்னக்கிளிக்கு ஒன்றும் வராது. வெகுநேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எட்டு கட்டங்களிலும் பொடி எழுத்தில் நேரத்தை எழுதினேன். 'உண்டு, காலை 7.15 முதல் 8.30 வரை.' கட்டம் போதாமல் எழுத்து அடுத்த கட்டத்துக்குள் போயிற்று.

சனிக்கிழமை சார் கூப்பிட்டார். "மேடம், நேரமெல்லாம் யாரு கேட்டா? உண்டா, இல்லையா?"

"ரெண்டும்தான் சார்."

"அப்படி ஒரு ஆப்ஷனே கிடையாது மேடம்."

"அதான் சார் எழுதியிருக்கேன்."

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அஞ்சு டேப்புக்கு இப்பவே சொல்லிடறேன். மத்த எட்டை அப்படியே கம்பெனிக்கு அனுப்பறேன், அவங்க என்ன சொல்றாங்களோ. மெமோ வரும், பதில் எழுதத் தயாரா இருங்க." வைப்பதற்கு முன், "அந்த டைம் எழுதின பேப்பரை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. மத்த ஸ்கூல்லயும் கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

அடுத்த வாரமே ஐந்து டேப்புகள் வந்தன. மற்ற எட்டைப் பற்றி இதுவரை பதில் இல்லை. மெமோ மட்டும் டேப்புகளுக்கு முன்னதாகவே வந்தது. பின்னறையில் கிடந்த பாடநூல் கட்டுகளை நானும் ஜோதி அக்காவும் ஸ்கூட்டியில் வைத்து லைன் லைனாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அக்கா வெயிலில் என்னைவிட வேகமாக நடந்தார், நிறுத்தி உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

இசக்கிசெல்வியிடம் டேப் வராதது பற்றிச் சொன்னேன். ஏன் வரவில்லை என்பதையும், நான் படிவத்தில் என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவள் கோபப்படலாம் என்று நினைத்தேன். அவளுக்கு அந்த உரிமை இருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு, புத்தகத்தைப் புரட்டி விலை எங்கே போட்டிருக்கிறது என்று தேடினாள். இலவசம் என்பதைப் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தாள்.

"அப்பம் பாடம் எப்படி டீச்சர்?"

"தினமும் ஏழரைக்கு நான் கூப்பிடுறேன். அரை மணி நேரம். போட்டோ வேண்டாம். அவ படிக்கட்டும், நான் கேக்குறேன்."

"ஏழரைக்கா? ஒங்களுக்கு வீட்டுல சோலி இருக்காதா?"

"இருக்கும். பாத்துக்கிறேன்."

"அடுத்த வாரம் எனக்கு ஏ ஷிப்டு. காலைல அஞ்சு மணிக்கே போயிருவேன். போனு அவுககிட்ட போயிரும்."

"மத்தியானம் எத்தனை மணிக்கு வருவே?"

"மூணு ஆயிரும். அவுக சாப்பிட வாரதும் மூணு மணிக்குத்தான்."

"அப்ப மூணு மணி. மாறினா முதல் நாளே எனக்குச் சொல்லிடு, நானும் மாத்திக்கிறேன்." நான் நோட்டில் எழுதினேன். எட்டு வீடுகளுக்கும் சேர்த்து அந்த வாரம் என் பாடவேளை காலை ஏழரைக்குத் தொடங்கி இரவு எட்டு மணி வரை துண்டு துண்டாகப் போயிற்று. அதற்கடுத்த வாரத்துக்கு வேறு ஒன்று போட வேண்டியிருந்தது.

இசக்கிசெல்வி என் நோட்டை எட்டிப் பார்த்தாள். துப்பட்டாவுக்குள் அவள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது.

"நீங்களும் ஷிப்டுல சேந்துட்டிய போல டீச்சர். ஓவர்டைம் காசு உண்டுமா?"

"எங்க டிபார்ட்மென்ட்ல ஓவர்டைம் கிடையாது."

"அப்பம் சூப்பர்வைசர்ட்ட சொல்லிச் சண்டை போடுங்க" என்றாள். பிறகு மணியைப் பார்த்து, "ஏட்டி, வெளிய வந்து வெளிச்சத்துல உக்காந்து படி, டீச்சர் நிக்காவல்லா" என்று மகளை அதட்டினாள். அன்னக்கிளி மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் முதல் பாடத்தைப் பிரித்து, வாசற்படியில் உட்கார்ந்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் தடுக்கியது. நான் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன்.